கண்டி நாட்டுச் சோனகரும் காவற்றுறையும்

தோற்றுவாய்

ஒரு நாட்டிற் குடியேறி வாழும் சமூகத்தினர் அந்நாட்டு அரசினை அறிந்துகொள்வது பெரும்பாலும் அதன் காவலர் வாயிலாகவேயாம். சட்டசபையில் இயற்றப்படும் விதிகளைப் பொதுமக்கள் படித்தறிவதில்லை. நீதிமன்றப் படியேறுவோரும் ஒரு சிலரே. சந்தையிலும் தெருவிலும் தொழுகையிடத்து வாயிலிலும் நிற்கும் காவலனையோ எல்லோரும் அறிவர். அவன் நடுநிலையில் நிற்பின் அரசே நடுநிலையில் நிற்கின்றதென்றும், அவன் முகந்திருப்பின் அரசே முகந்திருப்பிற்றென்றும் அவர்கள் கொள்வர்.

காவற் றொழிலுக்கும் வேற்று நாட்டார்க்கும் உள்ள தொடர்பு தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரின் மதில்வாயிலை வாளேந்திய யவனர் காத்து நின்றனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். கடல் கடந்து வந்தோரிடத்தே தலைநகரின் வாயிற்காவலை ஒப்படைக்கும் அளவிற்கு நம்பிக்கை நிலவிய காலம் அது. யவனர் என்னுஞ் சொல் ஆதியிற் கிரேக்கரைக் குறித்தது. பிற்கால உரையாசிரியர் அதற்குச் சோனகர் எனவும் பொருள் கூறினர். அச்சோனகர் என்னும் பெயரே இன்று இலங்கையில் அரபு வணிகரின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் முஸ்லிம் மக்களுக்கு உரியதாயிற்று.

இம்மக்களுக்கும் காவற்றுறைக்கும் இடையே நிலவிய உறவினை ஆராய்வதற்குக் கண்டி நகரும் அதன் சுற்றுப்புறங்களும் மிகப் பொருத்தமான களமாகும். கண்டிக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள திகன என்னுஞ் சிறு நகரில் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த கலவரம் அவ்வுறவினைப் பற்றிய வினாவை உலகறிய எழுப்பிற்று. எனினும் அவ்வினா திகனவிற் பிறந்ததன்று. அதன் வேர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஊன்றப்பட்டது. 1864, 1915, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்து நோக்குவோர்க்கு அஃது இனிது விளங்கும்.

அரபு வழியும் கண்டிக் குடியும்

இலங்கைக் கரையோரப் பட்டினங்களில் அரபு வணிகர் போர்த்துக்கேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வந்து தங்கினர். அவர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, இஸ்லாத்தைச் சமயமாகப் பேணி ஒரு தனிச் சமூகமாயினர். தென்னிந்தியக் கரையிலிருந்தும் முஸ்லிம்கள் தொடர்ந்து வந்து அவர்களோடு கலந்தனர். போர்த்துக்கேயர் 1626ஆம் ஆண்டு தம் ஆட்சிப் பகுதிகளினின்று அவர்களை வெளியேற்றியபொழுது அடைக்கலம் அளித்தவன் கண்டி மன்னன் செனரத்து ஆவான். அவன் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. ஏனையோர் மலைநாட்டுக் கிராமங்களிற் பரந்து வாழ்ந்தனர்.

கண்டி இராச்சியத்திற் சோனகரின் நிலை பயன்மிக்கதாயும் மதிப்புடையதாயும் இருந்தது. பொதிமாடுகளைக் கொண்டு உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டிற்கு ஏற்றி வந்த தவளக்காரர் பலர் சோனகரே. இப்போக்குவரத்தை மேற்பார்வை செய்தற்கென மடிகே பத்த என்னும் அரச பகுதியொன்று இருந்தது. மருத்துவத்திற் சிறந்த சோனகக் குடும்பங்களும் அரண்மனை ஆதரவைப் பெற்றன. அக்காலத்தில் தனியான காவற்படை இல்லை. ஊர்க்காவல் கிராமத் தலைவரின் கடமை. அவரோ ஊரவருள் ஒருவர். அண்டை வீட்டாரின் முகமறிந்த காவல் அது. அதன்கண் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் காவலன் ஒரு சாராரின் ஆள் என்னும் ஐயம் எழுதற்கு இடம் குறைவாக இருந்தது.

அவ்வையம் முதன்முதலில் முளைத்தது ஆங்கிலேயர் ஆட்சியிலாம். 1815இற் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1817ஆம் ஆண்டு வெல்லசப் பகுதியில் ஹாஜி என்னுஞ் சோனகர் ஒருவரை முகாந்திரமாக நியமித்து, அங்கு வாழ்ந்த சோனகரைச் சிங்களத் திசாவையின் அதிகாரத்தினின்றும் நீக்கி அவர்கீழ் வைத்தனர். இதனால் எழுந்த மனக்கசப்பு அவ்வாண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. ஹாஜி கிளர்ச்சியாளராற் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சியாளர் தம் வசதிக்காக ஒரு சிறு சமூகத்தினரிடம் அதிகாரத்தை அளிப்பின், அதன் விலையை ஆட்சியாளர் கொடுப்பதில்லை; அச்சமூகத்தினரே கொடுப்பர். இவ்வுண்மை பின்னரும் ஒருமுறை வெளிப்பட்டது.

1864: காவலனும் கள்வனும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தை என்னும் குன்று உளது. அதனைத் தன் மறைவிடமாகக் கொண்டு வழிப்பறி செய்து வந்த சரதியேல் என்பவனின் கதை இலங்கை மக்கள் எல்லோரும் அறிந்தது. அவனுடைய நெருங்கிய துணைவன் மம்மலி மரிக்கார் என்னுஞ் சோனகன். 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் தேதி, கேகாலை உதவி அரசாங்க அதிபராயிருந்த சோண்டேர்ஸ் என்பாரின் தலைமையில் அவர்களைச் சுற்றி வளைத்தனர். அம்மோதலில் மம்மலி மரிக்கார் சுட்ட குண்டிற்கு இரையாகி வீழ்ந்தவர் சபான் என்னும் பெயரிய கொன்ஸ்தாபல். அவர் மலாய் இனத்தவர், சமயத்தால் இஸ்லாமியர். சரதியேலும் மம்மலி மரிக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, அவ்வாண்டு மே 7ஆந் தேதி தூக்கிலிடப்பட்டனர்.

கடமையின்போது உயிர் நீத்த முதற் பொலிஸ் வீரராக இலங்கைப் பொலிசார் சபானையே கொண்டாடுகின்றனர். பொலிஸ் வீரர் நாளாக மார்ச் 21ஆந் தேதியைக் கொள்வதும் அவர் நினைவாகவேயாம். சுட்டவனும் முஸ்லிம், சுடப்பட்டு வீழ்ந்தவரும் முஸ்லிம். அன்று எவரும் மம்மலியின் குற்றத்தைச் சோனகர் எல்லோர் மீதும் சுமத்தவில்லை. சபானின் தியாகத்தை மலாயருக்கு மட்டும் உரியதாகவும் ஒதுக்கவில்லை. குற்றம் குற்றவாளிக்கும் பெருமை காவற்படைக்கும் உரியனவாயின. சட்டம் ஆளைப் பார்த்ததன்றிச் சமூகத்தைப் பார்க்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டே, அஃதாவது 1865இல், 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் காம்பெல் என்பார் படைத்தலைமை ஏற்று, பொலிஸ் மா அதிபர் என்னும் பதவியை முதன்முதல் வகித்தார். இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இற் கலைக்கப்பட்டபின் அதிலிருந்த மலாயர் பலர் பொலிசிற் சேர்ந்தனர். ஆகவே தொடக்க காலத்தில் முஸ்லிம் மக்களுக்குப் பொலிஸ் படை முற்றிலும் அந்நியமானதாய் இருக்கவில்லை. தம் சமயத்தவர் சிலரேனும் அச்சீருடையில் நிற்கக் கண்டனர்.

பாஷாக்களின் சிறைவாசம்

அரபு நாட்டிலிருந்து நேரே வந்து கண்டியில் வாழ்ந்தோரும் சிலர் உளர். ஆங்கிலேயரை எதிர்த்து எகிப்தில் எழுந்த கிளர்ச்சி 1882இல் முறியடிக்கப்பட்டபின், அதன் தலைவர் அகமத் அரபி பாஷாவும் அவர்தம் தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பிற் கரையிறங்கினர். அரபி பாஷா 1892 முதல் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். அவருடன் வந்தவரும் அரபு இலக்கியத்தில் தலைசிறந்த கவிஞருமாகிய மஹ்மூத் சாமி அல்பாரூதியும் கண்டியிற் பல ஆண்டுகள் இருந்து 1899இல் தாயகம் திரும்பினார்.

இவர்கள் அரசாங்கத்தின் கைதிகளே. எனினும் இத்தீவைவிட்டு வெளியேறோம் என இவர்கள் அளித்த வாக்குறுதியே இவர்களுக்குக் காவலாய் அமைந்தது. உள்ளூர் முஸ்லிம்கள் இவர்களைப் பெருமதிப்புடன் வரவேற்றனர். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும், 1882இல் முஸ்லிம் நேசன் என்னும் பத்திரிகையைத் தொடங்கியவருமாகிய சித்திலெவ்வை, அரபி பாஷாவின் ஊக்கத்துடனும் வாப்பிச்சி மரிக்காரின் துணையுடனும் 1892இற் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரிக்கு அடிகோலினார். அரசின் கைதி ஒருவர் அவ்வரசின் குடிமக்களுக்குக் கல்வி வழிகாட்டியாக விளங்கியமை வியப்பிற்குரியது. நம்பிக்கை வைத்த இடத்தில் காவலரின் வேலை குறையும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

இக்காலத்திலேயே சோனகரின் இனவழி பற்றிய சொற்போரும் எழுந்தது. சோனகர் இனத்தால் தமிழரே எனப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இற் கட்டுரை படித்தார். தம் முன்னோர் அரபியரே என ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் எழுதினார். சட்டசபையிற் பிரதிநிதித்துவம் பெறும் உரிமை இச்சொற்போரின் பின்னணியாய் இருந்தது. யார் யாருடைய வழியினர் என்னும் வினா நூலகத்தோடு அமைவதில்லை; கலவரக் காலத்திற் காவலன் யாருக்கு அரணாக நிற்பான் என்னும் வினாவாக அது தெருவிற்கு வந்துவிடும். 1915இல் அதுவே நிகழ்ந்தது.

1915: அனுமதிப்பத்திரமும் ஆயுதமும்

கம்பளை நகரில் வலகாகொட தேவாலயத்துப் பெரகரா ஆண்டுதோறும் அம்பகமுவ வீதி வழியே செல்வது வழக்கம். அவ்வீதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரைச் சோனகரின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. வணக்கத் தலத்திற்கு அருகே மேளம் முழங்கலாகாது என அதிகாரிகள் விதித்த கட்டுப்பாடு 1912இல் வழக்காக மாறியது. கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமய வழக்கங்களைக் காப்பதென்று காட்டி 1914இல் தேவாலயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் அதனை மாற்றி, பின்னெழுந்த கட்டளைச் சட்டங்களே மேலானவை என்றது. தீர்ப்பு சோனகருக்குச் சாதகமாயிற்று. சிங்கள பௌத்தரிடையே மனத்தாங்கல் மூண்டது.

இவ்வழக்கின் பயனாக எந்தத் தெருவில், எந்த வேளையில், எந்த வாத்தியம் ஒலிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு முன்னிலும் மிகுதியாகப் பொலிசாரின் மேற் சுமந்தது. சமய மரபின் நுண்ணிய பிணக்கொன்று அனுமதிப்பத்திரம் ஒன்றின் வாசகத்துள் அடக்கப்பட்டது. அந்தப் பத்திரம் அவ்வாண்டு வெசாக் இரவிற் கண்டியிற் சோதனைக்குள்ளாயிற்று.

மே 28ஆந் தேதி இரவு பௌத்த கீதக் குழுவினர் கண்டிக் காசில் ஹில் வீதி வழியாக வந்தனர். அங்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. நள்ளிரவிற்கு முன் அதனைக் கடந்து செல்லலாகாது என்பது அவர்தம் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. பள்ளிவாசலில் விளக்கு எரிவதையும் வாயிலில் ஆட்கள் நிற்பதையும் கண்ட இன்ஸ்பெக்டர், ஊர்வலத்தைப் பக்கத் தெருவிற்குத் திரும்புமாறு பணித்தார். ஊர்வலம் திரும்பியதைக் கண்டு பள்ளிவாசலில் நின்றோர் ஏளனக் குரல் எழுப்பினர். உடனே கூட்டம் பாய்ந்தது. அங்கு நின்ற பொலிசாரோ மிகச் சிலர். சில நாழிகையுள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. வதந்தி இருப்புப்பாதை வழியே விரைந்து சென்றது. மே மாத இறுதிக்குள் கொழும்பும் கொந்தளித்தது. அரசாங்கக் கணக்கின்படி 25 சோனகர் கொல்லப்பட்டனர். 4000க்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

இதுவரை பொலிசாரின் குறை போதாமையே. அடுத்து நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. ஜூன் 2ஆந் தேதி தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரசித்தஞ் செய்தார். ஆகஸ்ட் 30ஆந் தேதி வரை அது நீடித்தது. பஞ்சாப் படையினர் தெருக்களில் நிறுத்தப்பட்டனர். கலகம் அடங்கிய பின்னரும் சிங்களர் பலர் முறையான விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7ஆந் தேதி இராணுவ மன்றின் தீர்ப்பின்படி சுடப்பட்டார். டீ. எஸ். சேனாநாயக்க, எப். ஆர். சேனாநாயக்க, டீ. பி. ஜயதிலக்க முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அக்காலப் பொலிஸ் மா அதிபர் டௌபிகின் பெயர் சிங்கள மக்களிடையே அச்சத்திற்குரியதாயிற்று. சோனகரின் இழப்பிற்கான நட்டஈட்டுத் தொகையும் சிங்களரிடமே அறவிடப்பட்டது. இக்கொடுமைகளைச் சட்டசபையில் இராமநாதன் எடுத்துரைத்தார். அவரது உரைகள் 1916இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. சிங்கள மக்கள் அவரை வாழ்த்தினர். தம் துன்பத்தை அவர் போதிய அளவு கருதவில்லை என முஸ்லிம்கள் வருந்தினர்.

இந்நிகழ்ச்சியினின்று மலைநாட்டுச் சோனகர் பெற்ற அனுபவம் இருமுனைக் கத்தி போன்றது. ஆபத்து நேர்ந்த முதல் இரவிற் காவல் இல்லை. காவல் வந்தபொழுது அது பழிவாங்கும் படையாக வந்தது. அப்பழியின் நினைவு ஆங்கிலேயர் கப்பலேறிய பின்னரும் அயலவர் நெஞ்சில் தங்கிற்று. வெல்லசவில் ஒருவர் கொடுத்த விலையை இங்கு ஒரு சமூகமே கொடுக்க நேர்ந்தது. காவல் குறையினும் தீங்கு. அளவு கடப்பினும் தீங்கு. முறையாக நிற்கும் காவலே இரு சாராரையும் காக்கும்.

சுதந்திரத்தின் பின்னர்

1947இல் முதல் இலங்கையரான பொலிஸ் மா அதிபராகச் சேர் றிச்சட் அலுவிகாரை பதவியேற்றார். அந்நிய ஆட்சியின் கருவியாயிருந்த படை மக்களின் படையாகும் என்னும் நம்பிக்கை எங்கும் நிலவியது. ஆயினும் 1956ஆம் ஆண்டு மொழிச்சட்டத்தின் பின், தமிழ் பேசும் மக்களுக்கும் பொலிஸ் நிலையத்திற்கும் இடையே புதியதொரு தடை எழுந்தது. மலைநாட்டு முஸ்லிம் ஒருவர் வீட்டில் தமிழும் சந்தையிற் சிங்களமும் பேசுவார். பொலிஸ் நிலையத்தில் அவர் கூறும் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும். தாம் வாசித்தறிய இயலாத ஏட்டில் அவர் கைச்சாத்திட வேண்டும். பேச்சு மொழியாற் கிட்டிய அண்மை எழுத்து மொழியால் விலகியது. 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழுக்கும் அரசகரும மொழி என்னும் தகுதியை அளித்தன. எனினும் பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இரவும் பகலும் இருத்தல் வேண்டுமெனக் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011ஆம் ஆண்டிலும் விதந்துரைக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகியும் குறை தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவையும், 1983 ஜூலைக் கலவரத்தையும் அறிந்த தமிழ் மக்களுக்குக் காவலன் பாராமுகமாய் நிற்பதன் பொருள் நன்கு தெரியும். அவ்வனுபவத்தை மாவனல்லையில் 2001ஆம் ஆண்டிலும், அளுத்கமையில் 2014 ஜூனிலும் முஸ்லிம் மக்கள் அடைந்தனர். சபான் என்னும் காவலர் உயிர்கொடுத்த மாவனல்லையிலேயே முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபொழுது பொலிசார் தடுக்கவில்லை என்னும் குறைகூறல் எழுந்தமை வரலாற்றின் வருந்தத்தக்க முரண்பாடாகும்.

திகன

திகன அண்மைக்காலத்தில் வளர்ந்த நகர். விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் நிறைந்தபொழுது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. அங்கிருந்து பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் திகன சார்ந்த இடங்களிற் குடியமர்ந்தனர். இவ்வகையில் அங்குள்ள சிங்களரும் முஸ்லிம்களும் பலர் இடம்பெயர்வின் துன்பத்தை ஒருங்கே அறிந்தவர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணிப்பின்படி இலங்கை மக்களுள் ஏறத்தாழ 9 வீதத்தினர் சோனகர். கண்டி மாவட்டத்தில் அவ்வீதம் 14 அளவினதாகும்.

2018 பெப்ரவரி 22ஆந் தேதி தெல்தெனியப் பகுதியில் வீதிப் போக்குவரத்துப் பற்றி எழுந்த வாய்த்தர்க்கத்தின் முடிவில், சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் நால்வர் தாக்கினர். பொலிசார் அந்நால்வரையும் தாமதமின்றிக் கைது செய்து விளக்கமறியலில் வைத்தனர். இதுவரை நிகழ்ந்தது 1864ஆம் ஆண்டின் முறையே: குற்றம் குற்றவாளியைச் சார்ந்தது; சட்டம் தன் கடமையைச் செய்தது. சாரதி மார்ச் 3ஆந் தேதி மருத்துவமனையில் இறந்தார். அவர் குடும்பத்தாரின் துயரம் எவராலும் மதிக்கத்தக்கது. ஆனால் அத்துயரத்தைத் தமக்குக் கருவியாக்க விரும்பியோர் வெளியூர்களிலிருந்தும் திரண்டனர். 1915இல் இருப்புப்பாதை சுமந்த வதந்தியை இம்முறை கைத்தொலைபேசி சுமந்தது.

மார்ச் 5ஆந் தேதி இறுதிச் சடங்கு நிகழ்வதை யாவரும் அறிவர். கைதானோரை விடுவிக்குமாறு கூட்டத்தினர் தெல்தெனியப் பொலிஸ் நிலையத்தின் முன் ஏற்கெனவே கூடியிருந்தனர். அறிகுறிகள் தெளிவாயிருந்தும் அன்று பிற்பகல் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றிலிருந்து முஸ்லிம் இளைஞர் ஒருவரின் உடல் மறுநாள் மீட்கப்பட்டது. ஊரடங்குச் சட்டம் நடைமுறையிலிருந்தபொழுதே மெனிக்கின்ன, அம்பதென்ன, அக்குறணை முதலிய இடங்களுக்குத் தீ பரவியது. மார்ச் 6ஆந் தேதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அடுத்த நாள் முகநூல் முதலியன தடுக்கப்பட்டன. கலவரத்தைத் தூண்டினார் எனக் கருதப்பட்ட மகாசொன் பலகாய என்னும் அமைப்பின் தலைவர் உட்பட இருநூறு பேருக்கு மேல் கைது செய்யப்பட்டனர். சட்டம் ஒழுங்கு அமைச்சுப் பொறுப்பும் மார்ச் 8ஆந் தேதி கைமாறியது. முகநூல் நிறுவனம் தன் தளம் இக்கலவரத்திற்குப் பயன்பட்டமைக்காக 2020ஆம் ஆண்டு மே மாதம் மன்னிப்புக் கோரியது.

திகன மக்களின் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது கலகக்காரரின் செயலினும் சீருடையினர் சிலர்மீது எழுந்த குற்றச்சாட்டேயாம். விசேட அதிரடிப்படையினர் சிலர் பள்ளிவாசலில் இருந்தோரைத் தாக்கினர் எனக் கூறப்பட்டது. பள்ளிவாசற் கண்காணிப்புக் கருவிகளிற் பதிவான காட்சிகள் அம்மாதமே வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் வாயிலாக உலகின் முன் வந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் விசாரணை நடத்தியது. அதேவேளை, தம் உயிரைப் பொருட்படுத்தாது அயலவரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும், பள்ளிவாசல்களுக்குத் துணை நின்ற பௌத்த பிக்குகளும் இருந்தனர். முகமறிந்த அயலவர் செய்த காவலைச் சீருடையணிந்த காவலர் செய்யத் தவறியமையே திகனவின் துன்பம்.

முறைப்பாடும் செவியும்

அதன் பின்விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. 2019 ஏப்ரல் 21ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்த்திய குண்டுவெடிப்புகளில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். இக்கொடியோரைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் முஸ்லிம்களே. அவர்தம் தலைவனுடைய போதனைகளைப் பற்றிக் காத்தான்குடி மக்கள் பல்லாண்டு முன்னரே முறையிட்டனர். 2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியிற் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டபொழுது பொலிசாருக்கு உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே சுடப்பட்டுப் படுகாயமுற்றார். சமூகம் பேசிற்று, செவிகொடுத்தோர் குறைவு. முன்னாள் ஜனாதிபதியும் முன்னாள் பொலிஸ் மா அதிபரும் பிறரும் கடமை தவறினர் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, பாதிக்கப்பட்டோர்க்கு நட்டஈடு வழங்கப் பணித்தது.

குண்டுவெடிப்பின் பின்னர் பொலிசாரின் பார்வை முஸ்லிம்கள் எல்லோர் மீதும் திரும்பியது. 2019 மே மாதத்தில் கண்டி மாவட்டத்து ஹசலக்கப் பொலிசார் முஸ்லிம் பெண்மணி ஒருவரைக் கைது செய்தனர். அவர் உடுத்திருந்த ஆடையிற் காணப்பட்ட கப்பற் சுக்கான் சக்கரத்தைத் தர்மசக்கரமெனக் கொண்டமையே காரணம். அவர் சிறையில் நாட்கள் பல கழித்தார். அக்கைது அவர்தம் அடிப்படை உரிமையை மீறியது என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் எளிய பெண் பொலிஸ் நிலையத்தில் இழந்த நீதியை நீதிமன்றத்தில் மீட்டார். நம்பிக்கை முற்றும் அற்றுப்போகவில்லை என்பதற்கு இத்தீர்ப்பு சான்று; ஆயினும் நான்காண்டு தாமதித்த நீதி அது.

அரபு மக்கள் குடியேறிய பிற நாடுகளிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டியர்போர்ண் நகருக்கு மோட்டார்த் தொழிலை நாடி அரபியர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதற் குடியேறினர். 2001 செப்டெம்பர்த் தாக்குதலின் பின் அந்நாட்டு அரபு மக்களுக்கும் காவற்றுறைக்கும் உள்ள உறவினை வேரா நீதி நிறுவனம் ஆராய்ந்து 2006இல் அறிக்கை வெளியிட்டது. உள்ளூர்ப் பொலிசாரிடம் அம்மக்களுக்கு ஓரளவு நல்லெண்ணம் இருந்தது. மத்திய அரசின் புலனாய்வினரையும் குடிவரவு அதிகாரிகளையுமே அவர்கள் மிகுதியாக அஞ்சினர். மொழித்தடையும், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட ஐயமும் உறவிற்கு இடையூறாயின. முகமறிந்த காவலனை நம்புதலும் முகமறியாத அதிகாரத்தை அஞ்சுதலும் கண்டிக்கும் டியர்போர்ணுக்கும் பொதுவானவை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். சிறு சமூகமொன்று காவற்றுறையை மதிப்பதும் வெறுப்பதும் அதன் இனவழியையோ சமயத்தையோ பொறுத்தனவல்ல. அரபு வழியினர் என்று தம்மைக் கருதிய அதே மக்கள் ஒரு காலத்திற் காவலராய் உயிர்கொடுத்தோரைத் தம்மவரெனப் போற்றினர். பிறிதொரு காலத்திற் காவலரைக் கண்டு கதவடைத்தனர். மாறியது அவர்தம் குருதியன்று. காவலன் நின்ற இடமேயாம். குற்றவாளியைப் பிடித்தபின் அவன் சமூகத்தையும் காத்தல், கூட்டம் திரளுமுன் இருதிறத்தார்க்கும் இடையே நிற்றல், முறைப்பாட்டைச் சொல்பவரின் மொழியிலேயே கேட்டு எழுதுதல், கடமை தவறிய காவலனையும் அதே சட்டத்தின்முன் நிறுத்துதல் என்னும் நான்கும் கூடிய இடத்தில் நம்பிக்கை தானே வளரும்.

நம்பிக்கை அழிந்த இடத்தில் இழப்பு சிறு சமூகத்தினர்க்கு மட்டும் உரியதன்று. முறைப்பாடு செய்ய அஞ்சும் ஊரிற் காவலன் கண்ணிருந்தும் குருடனாவான்; முறைப்பாட்டைக் கேளாத காவலன் செவியிருந்தும் செவிடனாவான். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் விலையைத் தேவாலயத்தில் மண்டியிட்டிருந்த கிறிஸ்தவ மக்கள் கொடுத்தனர். காவல் நீதி ஒருவர்க்கு மறுக்கப்படின் அதன் தண்டம் யார் வாயிலை அடையுமென எவரும் முன்னறிந்து கூறுதல் இயலாது. மாவனல்லையில் வீழ்ந்த சபானின் நினைவு நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் பொலிஸ் படை, அவர் எந்தச் சமூகத்தைச் சார்ந்தவர் என்பதையும், எல்லாச் சமூகத்தார்க்குமாகவே அவர் உயிர் நீத்தார் என்பதையும் மறவாதிருப்பின், அதுவே திகன மக்களுக்குச் செய்யும் முதல் ஈடாகும்.